600001: பாரிமுனைப் பின்கோட்டின் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு காலைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கணக்குப் போட வருகிறார்கள். பாடப்புத்தகக் கணக்கு அல்ல. கையில் கிடைக்கும் எந்த எண்ணையும் எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நோட்டு அட்டையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து, "சார், நம்ம பின்கோடு பகா எண்ணா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளாக அந்த எண்ணை எழுதி வருகிறேன். எனக்கு விடை தெரியவில்லை. உடனே உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினோம். அன்றிலிருந்து பிள்ளைகளும் அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பின்கோடு வெறும் அடையாளம்தானே? அதற்கு எப்படிக் கணிதப் பண்பு இருக்க முடியும்?

அடையாளம்தான், மறுக்கவில்லை. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலத்தைக் குறிக்கும். 600 என்ற முதல் மூன்று இலக்கங்கள் சென்னையைக் காட்டும். கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்பதைச் சொல்லும். ராஜாஜி சாலையில் இருக்கும் தலைமை அஞ்சலகத்துக்கு 001. அஞ்சல்காரருக்கு இது ஒரே எண்ணாகக்கூடத் தெரியாது, "அறுநூறு, ஒன்று" என்று இரண்டு துண்டாகத்தான் தெரியும். மயிலாப்பூர்ப் பின்கோட்டையும் தியாகராய நகர்ப் பின்கோட்டையும் கூட்டினால் எந்த ஊரும் கிடைக்காது.

ஆனால் எழுதியது எழுதியதுதான். ஆறு இலக்கத்தையும் சேர்த்துப் படித்தால் அது ஆறு இலட்சத்து ஒன்று என்ற முழு எண். யார், எதற்காக எழுதினாலும் அதன் காரணிகள் மாறப்போவதில்லை. அஞ்சல்துறை 1972-இல் அதைத் தேர்ந்தெடுத்தது. அதன் குணங்கள் அதற்கு முன்பும் அவையேதான்.

சரி, 600001 பகா எண்ணா இல்லையா?

இல்லை. பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூடுதல் 7 என்பதால் 3-ஆலும் வகுபடாது. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதித்துவிடலாம். 7 × 11 × 13 = 1001 அல்லவா? அதனால் எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் போதும். 600-இலிருந்து 1 போனால் 599. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் 5, 13-ஆல் 1. மூன்றும் விலகிக்கொண்டன. 17-ஆல் வகுத்தால் மீதி 3.

அடுத்தது 19. இதற்கு ஒரு வழி சொல்லித் தந்தேன். கடைசி இலக்கத்தைப் பிடுங்கி, அதை இரண்டால் பெருக்கி, மிச்ச எண்ணோடு கூட்ட வேண்டும். 600001 என்பது 60000 + 2 = 60002 ஆகும். அது 6000 + 4 = 6004 ஆகும். பிறகு 600 + 8 = 608. பிறகு 60 + 16 = 76. எழுபத்தாறு நாலு பத்தொன்பது! மாடியில் அன்று எழுந்த கூச்சலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

இந்த வழி ஏன் செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் வித்தையாகிவிடும். எண்ணை 10a + b என்று எழுதுங்கள். இரண்டால் பெருக்கினால் 20a + 2b. இருபதில் ஒரு பத்தொன்பதைத் தள்ளினால் a + 2b. இரண்டால் பெருக்குவதால் 19-ஆல் வகுபடுவது வகுபடாமல் போகாது. வகுபடாதது வகுபடவும் தொடங்காது.

600001 ÷ 19 = 31579. இதை மேலும் உடைக்க முடியுமா? 23-க்கும் அதே போன்ற வழி உண்டு, பெருக்க வேண்டியது மட்டும் 7 (ஏனென்றால் 70-இல் 69 போக 1). தொடக்க எண்ணிலேயே செய்து பாருங்கள்: 60007, 6049, 667, 115. நூற்றுப் பதினைந்து ஐந்து இருபத்து மூன்று. ஆகவே 31579 = 23 × 1373. 1373-ஐ 37 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் வகுக்கவில்லை. 37-இன் வர்க்கமே 1369 என்பதால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

600001 = 19 × 23 × 1373

இதுதான் எங்கள் பேட்டையின் ஜாதகம் என்று அந்த மாணவி சாக்பீஸால் சுவரில் எழுதினாள். இன்னும் அழிக்கவில்லை.

மொத்தம் எத்தனை காரணிகள்?

எட்டு: 1, 19, 23, 437, 1373, 26087, 31579, 600001. இவற்றின் கூடுதல் 20 × 24 × 1374 = 659520. எண்ணையே விட்டுவிட்டு மற்ற ஏழையும் கூட்டினால் 59519 மட்டுமே வரும். தன் காரணிகளின் கூடுதலுக்குச் சமமாக இருக்கும் 6, 28 போன்ற எண்களோடு ஒப்பிட்டால் இது வெகு தொலைவில் நிற்கிறது.

கோலம் போடுகிறவர்களுக்கு வேறு விதமாகச் சொல்கிறேன். 600001 புள்ளிகளை நேர்ப்புள்ளியாகச் செவ்வக வடிவில் வைக்க நான்கே வழிதான். ஒரே நீள வரிசை, 19 வரிசை, 23 வரிசை, அல்லது 437 வரிசையில் வரிசைக்கு 1373 புள்ளி. இவற்றில் கடைசியே ஓரளவு தெருவில் அடங்கும் வடிவம்.

இதையே வரிசைக்கு ஒரு புள்ளி கூட்டிக்கொண்டே போகும் இடுக்குப் புள்ளியில் வைக்க முடியுமா என்று ஒரு தாய் கேட்டார். மிக நல்ல கேள்வி. அடுத்தடுத்த எண்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பதே அதன் பொருள். முடியும், ஏழு வழிகளில். மிக எளியது 300000 + 300001. எனக்குப் பிடித்தது 437 வரிசை: முதல் வரிசையில் 1155 புள்ளி, கடைசியில் 1591, நட்டநடுவில் 1373. ஒன்றைத் தவிர்த்த ஒவ்வோர் ஒற்றைப்படைக் காரணியும் இப்படி ஒரு வழியைத் தருகிறது. இந்த எண்ணின் காரணிகள் அனைத்தும் ஒற்றைப்படை. எட்டில் ஒன்று போக ஏழு.

ஒன்று குறைந்த 600000-க்கு நிறையக் காரணிகள் இருக்கின்றனவே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

600000-க்கு 84 காரணிகள் (2⁶ × 3 × 5⁵). அடுத்த வீட்டுக்காரருக்கு எட்டு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது, அவை எப்போதும் சார் பகா எண்கள். 2, 3, 5 மூன்றையும் 600000 எடுத்துக்கொண்டதால் 600001-க்கு அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இது சிறப்பு எண்ணா, சாதாரண எண்ணா?

சாதாரண எண். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படிச் சொல்வதற்கே ஓர் அழகான தேற்றம் இருக்கிறது.

இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓர் எண்ணுக்கு வெவ்வேறான பகாக் காரணிகள் வழக்கமாக எத்தனை இருக்கும்? அந்த எண்ணின் இயல் மடக்கையை (e = 2.718… என்பதை அடியாகக் கொண்ட மடக்கை) எடுத்து, அந்த விடைக்கு மீண்டும் ஒரு முறை இயல் மடக்கை எடுத்தால் கிடைப்பதை ஒட்டியே பெரும்பாலான எண்களுக்கு இருக்கும் என்பது அது. 600001-இன் இயல் மடக்கை ஏறத்தாழ 13.3. அதன் மடக்கை ஏறத்தாழ 2.6. நம் எண்ணுக்கு இருப்பவை மூன்று. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது.

ஆறு இலட்சத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்பது முதலில் கேட்கும்போது மிகக் குறைவாகத் தோன்றும். எண் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண்ணிக்கை ஆமை வேகத்திலேயே ஏறும். ஆறு இலட்சத்தை ஆறு கோடியாக்கினாலும் மடக்கையின் மடக்கை 2.9-ஐத் தாண்டாது.

ராமானுஜன் இதற்கு நேர் எதிரான எண்களையும் தேடினார். தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்களைப் பற்றி 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். நம் எண்ணுக்குக் கீழே அந்தப் பெருமை கடைசியாக 554400-க்கு உண்டு. அதன் காரணிகள் 216. அடுத்தது 665280.

ராமானுஜன் இந்தப் பகுதியில் இருந்தவர்தானே? அவருடைய 1729-க்கும் நம் எண்ணுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதைக் கண்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. 1912 மார்ச் 1 அன்று அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16 என்று தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் அந்த வேலையில் இருந்தபோது எழுதியது. இன்றைக்கு அந்தத் துறைமுக அலுவலகத்தின் முகவரி முடிவது 600001 என்று. அவர் காலத்தில் பின்கோடு கிடையாது என்பது உண்மைதான்.

1729 = 7 × 13 × 19. நம் எண் 19 × 23 × 1373. இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 19. இரண்டுமே மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன். ஒற்றுமை அங்கே முடிகிறது.

1729-இன் புகழ் தெரிந்ததே: 1³ + 12³, 9³ + 10³ என்று இரண்டு வழிகளில் இரு கனங்களின் கூடுதலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண். 600001-ஐ ஒரு வழியில்கூட அப்படி எழுத முடியாது. நிரூபிக்க இரண்டு வரி போதும். எந்த முழு எண்ணின் கனத்தையும் 7-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 6 இம்மூன்றில் ஒன்றுதான். இவற்றில் இரண்டைக் கூட்டினால் மீதி 0, 1, 2, 5, 6 என வரலாம். 3 வரவே வராது. 600001-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. கழித்துப் பார்த்தாலும் இதே கதைதான். ஆறு இலட்சம் வரை கனங்களைப் பட்டியலிட்டுத் தேடத் தேவையில்லாமல், ஏழாம் வாய்ப்பாடே கதவைச் சாத்திவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. p பகா எண்ணாக இருந்து a அதனால் வகுபடாமல் இருந்தால், a-வின் p−1 ஆவது படியை p-ஆல் வகுத்து மீதி 1 என்று வரும். இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் தேற்றம். 1729 பகா எண் அல்ல, ஆனாலும் அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும் இந்தச் சோதனையில் தேறி ஏமாற்றிவிடும். 6, 12, 18 மூன்றும் 1728-ஐ வகுப்பதுதான் அந்தத் தந்திரத்தின் ரகசியம். நம் எண்ணிலோ 18, 22, 1372 மூன்றில் ஒன்றுகூட 600000-ஐ வகுக்காது. 600001 யாரையும் ஏமாற்றாத எண். 2-ஐ வைத்துச் சோதித்தாலே மாட்டிக்கொள்ளும்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

இந்தக் கேள்விக்காக மூன்று ஞாயிறுகள் செலவழித்தோம். ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

முதலில் பார்வைக்கு நம்பிக்கை தரும் செய்தி: 600001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண்கள் எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதக்கூடியவை. 1373 அப்படி ஒன்று: 37² + 2² = 1369 + 4. ஆனால் 600001 பகா எண் அல்லவே. அதற்குள் இருக்கும் 19, 23 இரண்டும் 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அங்கேதான் சிக்கல்.

பிள்ளைகளை 0² முதல் 18² வரை எழுதி ஒவ்வொன்றையும் 19-ஆல் வகுத்து மீதியைக் குறிக்கச் சொன்னேன். வந்த மீதிகள் 0, 1, 4, 5, 6, 7, 9, 11, 16, 17. இவற்றில் கூட்டினால் 19 வரும் ஜோடி இருக்கிறதா? 1-க்கு 18 வேண்டும், இல்லை. 4-க்கு 15, இல்லை. 5-க்கு 14, 6-க்கு 13, 7-க்கு 12, 9-க்கு 10, ஒன்றுமே இல்லை. 0-உம் 0-உம் சேர்ந்தால் மட்டும் உண்டு. ஆக a² + b² என்பது 19-ஆல் வகுபட வேண்டுமானால் a, b இரண்டுமே 19-ஆல் வகுபட்டாக வேண்டும். அப்படியானால் கூடுதல் 361-ஆல் வகுபடும். 600001-க்குள் 19 ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. எனவே முடியாது.

ஒரு பையன் விடவில்லை. "இரண்டால் முடியாது என்றால் மூன்றால்?" என்றான். மூன்று வர்க்கங்களால் எழுத முடியாத எண்கள் எவை என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் தெளிவாக வரையறுத்திருக்கிறார்: நான்கின் படிகளை நீக்கிய பின் 8-ஆல் வகுத்தால் மீதி 7 வருபவை. நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே கட்டாயம் முடியும். தேடலாம். எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்கம் 774² = 599076. மிச்சம் 925. அந்த 925-ஐப் பாருங்கள்:

925 = 30² + 5²
925 = 27² + 14²
925 = 22² + 21²

ஒரே மிச்சத்துக்கு மூன்று விடைகள்! எடுத்த எடுப்பிலேயே இப்படி வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பிள்ளைகள் மூன்று மூலைகளிலிருந்து ஆளுக்கொரு விடையைச் சொன்னார்கள். முதலில் ஒருவரை ஒருவர் தவறு என்றார்கள். சரிபார்த்தால் மூவருமே சரி.

இன்னும் ஒன்று. எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாவிட்டாலும் அதன் வர்க்கத்தைப் பிரிக்கலாம். 1373² = 1365² + 148². இரண்டு பக்கமும் 437-ஆல் பெருக்கினால், 596505, 64676 என்ற தாங்கு பக்கங்களும் 600001 என்ற கர்ணமும் கொண்ட செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. பித்தாகரஸ் தேற்றத்துக்கு எப்போதும் 3, 4, 5 என்றே உதாரணம் சொல்கிறவர்கள் ஒரு முறை இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

வாய்ப்பாடு போட்டு வகுக்காமல் காரணி கண்டுபிடிக்க வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் ஃபெர்மா தந்ததுதான். எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே கழன்று விழும். வர்க்கமூலம் 774.6-க்குச் சற்றுக் குறைவு. எனவே 775-இலிருந்து தொடங்க வேண்டும். 775² − 600001 = 624. ஒன்றே ஒன்று கூடியிருந்தால் 25-இன் வர்க்கம்! அந்த ஒரு புள்ளியில் வாய்ப்புக் கை நழுவுகிறது. அதன்பின் 776, 777 என்று ஏறிக்கொண்டே போனால் 131-ஆவது முயற்சியில்:

905² − 468² = 819025 − 219024 = 600001

905 − 468 = 437, 905 + 468 = 1373. இந்த எண்ணுக்கு இது சுற்றுவழிதான்; எட்டாவது பகா எண்ணான 19-இலேயே சாதாரண வகுத்தல் வென்றுவிட்டது. தரமணியின் 600113-இல் சாதாரண வகுத்தல் அவ்வளவு சீக்கிரம் வெல்லாது. அது 439 × 1367. இரண்டும் பகா எண்கள். சிறியதிலிருந்து வகுத்து வந்தால் 439 வரை நடக்க வேண்டும். கணித அறிவியல் நிறுவனம் அந்தப் பின்கோட்டில் இருப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

1-ஐ 600001-ஆல் வகுத்தால் என்ன வரும்?

0.000001666663888893518… என்று தொடங்கும் முடிவுறாச் சுழல் தசமம். எத்தனை இலக்கம் கடந்து முதலிலிருந்து திரும்பும் என்பதுதான் சுவையான பகுதி. ஒவ்வொரு பகாக் காரணிக்கும் தனித்தனிச் சுழற்சி உண்டு. 1/19-க்கு 18 இலக்கம், 1/23-க்கு 22 இலக்கம், 1/1373-க்கு 686 இலக்கம். மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டும். மீச்சிறு பொது மடங்கு 67914. ஆகவே 1/600001 என்பது 67914 இலக்கங்களுக்கு ஒரு முறை சுழல்கிறது.

அந்த நீண்ட வரிசையை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதிக்கு 33957 இலக்கம். முதல் பாதி 00000166666388… என்று தொடங்கும். இரண்டாம் பாதி 99999833333611… என்று தொடங்கும். மேலும் கீழுமாக எழுதிக் கூட்டினால் எல்லா இடத்திலும் 9. ஒரு இடம்கூடத் தப்பாது. காரணம், நீள் வகுத்தலில் சரியாகப் பாதி வழியில் மீதி 600000 வருகிறது, அதாவது ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் −1. அங்கிருந்து முதல் பாதியின் நிழலே இரண்டாம் பாதியாக நடக்கிறது. ஆகையால் ஓர் இலக்கத்தைக்கூட எழுதாமலே ஒரு சுழற்சியின் இலக்கங்களின் கூடுதல் 33957 × 9 = 305613 என்று சொல்லிவிடலாம்.

கணினி இதை எப்படி எழுதும்?

ஈரடிமான முறையில் 10010010011111000001. இருபது இலக்கம், அவற்றில் ஒன்பது ஒன்றுகள்.

பழைய தமிழ் எண் முறையில்?

௬௱௲௧. ஆறு, நூறு, ஆயிரம், ஒன்று, அறுநூறாயிரத்து ஒன்று. இலட்சம் என்ற சொல்லுக்கு முன்னரே நம்மிடம் நூறாயிரம் இருந்தது. பூஜ்ஜியம் இல்லாமல் நான்கே குறிகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் இந்த முறையில் 19-க்கான வகுபடும் வழியைச் செய்து பாருங்கள், பூஜ்ஜியத்தின் அருமை உடனே புரியும்.

எங்கள் வீடு வேறு பகுதியில். எங்கள் பின்கோடு பகா எண்ணா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். 600001 முதல் 600100 வரை பகா எண்கள் ஆறு மட்டுமே: 600011, 600043, 600053, 600071, 600073, 600091. பெரம்பூர்க்காரர்களும் பல்லாவரத்துக்காரர்களும் அம்பத்தூர்க்காரர்களும் மடிப்பாக்கத்துக்காரர்களும் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 600071, 600073 இரண்டும் இரட்டைப் பகா எண்கள், அதாவது இடையே இரண்டே வித்தியாசம் உள்ள பகா எண்கள். இரண்டாவது சேலையூருக்கு உரியது. நூறைத் தாண்டினால் அண்ணா நகர் மேற்கு விரிவின் 600101-உம் பகா எண். இந்த உயரத்தில் சராசரியாக 13 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும்; அந்தக் கணக்குப்படி நூறில் ஏழெட்டு வர வேண்டும். சென்னைக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்திருக்கிறது.

தியாகராய நகரின் 600017, 11-ஆல் வகுபடும். அண்ணா சாலையின் 600002 = 2 × 13 × 47 × 491. பூங்கா நகரின் 600003 = 3² × 163 × 409. இவற்றுக்கெல்லாம் மேலாக என் மனத்தைக் கவர்ந்தது திருவல்லிக்கேணியின் 600005:

600005 = 5 × 7² × 31 × 79

24 காரணிகள். நான்கு வீடு தள்ளி இருக்கும் எண்ணுக்கு இவ்வளவு வளம்! சேப்பாக்கத்தில் ராமானுஜன் பெயரால் இயங்கும் கணித ஆய்வு நிறுவனத்தின் பின்கோடும் இதுவே.

இதெல்லாம் தேர்வுக்கு வருமா? இதனால் என்ன பயன்?

ஒரு தந்தை மிகுந்த கவலையோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 600001 தேர்வுக்கு வராது. வகுபடும் தன்மை, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, மட்டு எண்கணிதம், சுழல் தசமம் எல்லாம் வரும். உங்கள் மகள் அவை அனைத்தையும் ஓர் எண்ணிலேயே தொட்டுப் பார்த்துவிட்டாள்.

உலகப் பயன் கேட்டால், இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்ற ஒன்றின் மீதுதான் இணையத்தில் ரகசியம் காக்கும் முறைகளில் முக்கியமான ஒன்று நிற்கிறது. அங்கே எண்கள் ஆறு இலக்கம் அல்ல, அறுநூறு இலக்கத்தையும் தாண்டி நீளும். 439-ஐத் தேடி நடந்த பிள்ளைக்கு அந்தக் கடினம் என்னவென்று காலில் தெரிந்திருக்கும்.

அந்த 67914 இலக்கங்களையும் யாராவது கையால் எழுதிப் பார்த்தீர்களா?

எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர், ஏழாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும். ஞாயிறுக்கு இருநூறு இலக்கம் என்று கணக்கு. சார்ட் தாளில் நீள் வகுத்தலின் மீதியையும் பக்கத்திலேயே குறிக்கிறார்கள். மீதியைக் குறிப்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. k இலக்கங்கள் எழுதிய பின் வரும் மீதி, 10-இன் k ஆவது படியை 600001-ஆல் வகுத்தால் வரும் மீதிதான். ஆகவே அதைத் தனியாகக் கணக்கிட்டு எந்த இடத்திலும் தவறு நுழைந்ததா என்று சரிபார்க்கலாம். போன வாரம் 1400-ஆவது இலக்கத்தில் மீதி ஒத்துப்போகவில்லை. பின்னோக்கிப் போய் 1263-இல் பிழையைப் பிடித்தார்கள். அங்கிருந்து அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறார்கள்.